ஏழாம் பெட்டியின் கோடுகள்

மார்ச் 3

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. இரண்டு நிமிஷம் படி, அப்புறம் கிழி. போன் போட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழியில்லாமல்தான் அறுபது வயதில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கோழி கிறுக்கின மாதிரி எழுதுகிறேன் என்று நீ எப்போதும் சொல்வாய். இப்போது கோழிக்கும் வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

நம்ம படத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். ஆமாம், அதேதான். கடலுக்கடியில் தோண்டிய பாறையோடு வந்த நோய், முதல் நாள் பேச்சு நின்று மூன்றாம் நாள் உயிர் நிற்கும் என்று ஊரையே பயமுறுத்தினோமே, அந்தப் படம். முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பிரேமாகக் கீறல் நீக்கிப் புதுசு போல ஆக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் 20 அன்று மாலை பெரிய அரங்கில் திரையிடல். என்னை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம். செட் போடுகிறவனை யார் மேடையில் ஏற்றுவார்கள் சொல்? நாங்களெல்லாம் ஆணி அடித்துவிட்டு ஓரமாய் நிற்கிற ஜாதி. எல்லாம் அந்த ஒரு காட்சி செய்த வேலை. இரும்புப் பெட்டி மேல் ஒட்டிய டேப்பில் நாலு கோடும் ஒவ்வொன்றாய்க் கறுத்துக்கொண்டே வரும். கடைசிக் கோடும் கறுத்ததும், கையுறை போட்ட இரண்டு கைகள் கண்ணாடிக் குழாயைத் தூக்கும். இன்றைக்கும் அந்த இடத்தில் தியேட்டரில் இருமல்கூடக் கேட்காது. என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

அந்தக் கைகள் உன்னுடையவை என்று யாருக்கும் தெரியாது. எழுத்து ஓடும்போது உன் பெயர் அன்றைக்கு இல்லை. இந்த முறை சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வா அக்கா. பக்கத்து சீட் உனக்குத்தான்.

அம்மா போன அன்றும் நீ வாசல் பக்கம், நான் கொல்லைப் பக்கம் என்று நின்றோம். போதுமே.

உன் வாலு

* * *

மார்ச் 11

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. நீயாக எழுதாவிட்டால் இந்த வாரம் நானே எழுதியிருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். பஸ் ஓட்டுகிறவள், வேலை முடிந்து அதே காக்கிச் சட்டையோடு வந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. பாட்டுக்காரியின் மகள். அவள் அம்மா சாகும்போது ஆறு வயது. அம்மா செத்தபோது இருந்த வயதைவிட இன்றைக்கு இவளுக்கு வயது அதிகம்.

பாட்டுக்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாத மாதிரி நடிக்காதே. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் பெட்டி, குழாய் எல்லாம் கழுவி அடுக்குகிறவள். பாதி வரியை மறந்துவிட்டுத் தானே வரி கட்டிப் பாடுவாள் என்று எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். நீ பெட்டி கடன் கேட்டு வந்தபோது உனக்கு நாற்காலி போட்டவள் அவள்தான்.

பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். புதுக் கட்டடத்தின் வாசலில், கிருமி தொற்றி வேலையில் இறந்தவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கப் போகிறார்கள். பட்டியலில் ஆறு பேர். பாட்டுக்காரி இல்லை. 'சொந்தக் கவனக்குறைவால் இறந்தவர்' என்று அன்றைய விசாரணையில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதனால். மகள் மனு போட்டிருக்கிறாள். ஏப்ரல் 12 அன்று கடைசி விசாரணை. அதற்குப் பிறகு தகடு வார்க்கப் போய்விடும்.

என் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "எங்கம்மா நெஜமாவே பாக்காமத்தான் தெறந்தாங்களாம்மா? நீங்க அங்கதான இருந்தீங்க? எனக்குத் தெரிஞ்சா போதும். பேரு வராட்டியும் பரவால்ல." அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

உனக்கு மறந்துபோயிருந்தால் சொல்கிறேன். அந்த டேப் என்ன, அலங்காரமா? கிருமி பட்ட சாமான் உள்ள பெட்டியின் மூடியில் அதை ஒட்டி ஆவி மெஷினுக்குள் வைப்போம். அரைமணி நேரம் ஆவியில் வெந்தால் வெளிர்க் கோடு தானாகக் கறுக்கும். கறுத்தால் கிருமி செத்தது, கையால் தொடலாம். வெளுத்திருந்தால் கிட்டப் போகாதே. கழுவுகிறவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். அவள் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

லைட்டுக்கு அடியில் அசல் கோடு சாம்பல் மாதிரி தெரிகிறது என்று நீ பிரஷ்ஷை எடுத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தாய். ஒரு சொட்டு, ஒரு பிரேம், ஒரு சொட்டு, ஒரு பிரேம். அதே டேப்போடு ஏழாம் பெட்டியைத் திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாய். மறுநாள் அவள் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள், திறந்தாள். பதினோராம் நாள் செத்தாள்.

உன் படத்தில் நோய் வந்தால் பேச்சு நிற்கும். இவளுக்குக் கடைசிவரை நிற்கவில்லை. "கோடு கருப்பாத்தான் இருந்துச்சு, கோடு கருப்பாத்தான் இருந்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்றார்கள்.

ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. 'டேப்பில் கறுப்புப் பெயிண்ட் அடித்தவன் நான், அகற்றாமல் திருப்பிக் கொடுத்தேன்.' அவ்வளவுதான். மேடை, சீட்டு, என் பெயர், ஒன்றும் வேண்டாம்.

அக்கா

* * *

மார்ச் 19

அக்காவுக்கு,

முப்பத்தொரு வருஷம் கழித்தும் அதே பாட்டு. ஒரு நல்ல சேதியோடு வந்தவன் தலையில் ஒரு சாவைக் கட்டுகிறாய். பரவாயில்லை, பழகிவிட்டது.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். டேப் ஒட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? பெட்டியை இறக்கும்போது "அக்கா, அதுல ஒண்ணுல எங்க டேப் இருக்கு, பிச்சிரு" என்று சொன்னேன். நீ "சரி சரி, கெளம்பு, பெரியவர் வர்ற நேரம்" என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாய்த் துரத்தினாய். மேலதிகாரியைக் கேட்காமல் நாலு பெட்டியையும் எடுத்துக் கொடுத்தது யார்? நானா பூட்டை உடைத்தேன்? நான் படக்காரன். பொய்யை உண்மை மாதிரி காட்டுவதுதான் என் பிழைப்பு. உண்மையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் இருந்தது நீ.

அந்த அம்மாவுக்காக நான் வருத்தப்படவில்லை என்றா நினைக்கிறாய்? அந்த வருஷம் முழுக்க நான் கறுப்பு பெயிண்டைத் தொடவில்லை. உனக்கு எப்படித் தெரியும், நீதான் பேசவே இல்லையே.

சரி, எழுதுகிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் 20ஆம் தேதி முடியட்டும். இப்போது அப்படி ஒரு காகிதம் வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? எந்தக் காட்சிக்காகக் கூப்பிட்டிருக்கிறார்களோ அதே காட்சிக்காக என்னைச் சந்தி சிரிக்க வைப்பார்கள். பேப்பர்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்? என் ஆயுசுக்கு என்று இருப்பது இந்த ஒரு படம்தான் அக்கா. மற்றதெல்லாம் கல்யாண வீட்டுக் காட்சிக்குத் தூண் நட்ட வேலை. விசாரணையை ஒரு பத்து நாள் தள்ளிப்போடச் சொல். முப்பத்தொரு வருஷம் பொறுத்தவர்களுக்குப் பத்து நாள் பெரிதா?

இன்னொன்று. நான் எழுதினால்தான் என்ன? வெறும் வாய்ச்சொல். அந்த டேப்பே இல்லையே, எதை வைத்து நிரூபிக்கப் போகிறாய்? கிழவன் ஒருவன் விளம்பரத்துக்காகக் கதை கட்டுகிறான் என்பார்கள்.

கண் ஆபரேஷன் தேதி மே மாதம் குறித்திருக்கிறார்கள். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

தம்பி

* * *

மார்ச் 27

தம்பிக்கு,

பத்து நாள் பெரிதா என்று கேட்கிறாயே, எந்த வாயால் கேட்கிறாய்? தகடு வார்த்தபின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொல்லவா?

டேப் இருக்கிறது.

என் அலமாரியில், அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பாட்டுக்காரிக்குத் தேதியும் எண்ணும் மட்டும்தான் எழுதத் தெரியும். அதனால் அவளுக்கென்று ஒரு நோட்டு. தினமும் காலையில் பெட்டியிலிருந்து உரித்த டேப்பை ஒரு பக்கத்தில் வரிசையாய் ஒட்டி, மேலே தேதியும் பக்கத்தில் பெட்டி எண்ணும் போடுவாள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எல்லாம் கறுத்துத்தான் இருந்தது என்பதற்கு அவள் கொடுக்கிற சாட்சி அது. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஏழு டேப் ஒட்டியிருக்கிறாள். கடைசியில் '7'. பக்கத்தில் நாலு கோடு, மற்ற எல்லாவற்றையும்விட நல்ல கறுப்பு. உன் கை எப்போதும் சுத்தமான கை.

விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்த அன்று மதியம் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நோட்டில் பக்க எண் கிடையாது. கிழித்தது தெரியாமல் தைத்த இடத்தில் விரலால் நீவிவிட்டேன். அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, 'அன்றைக்கு அவள் டேப்பே ஒட்டவில்லை, மெஷின் பதிவிலும் ஏழாம் பெட்டி இல்லை, பார்க்காமலே திறந்திருக்கிறாள்' என்று எழுதினார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அப்போது அவள் மாடி வார்டில் உயிரோடுதான் இருந்தாள்.

உன்னை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் கிழித்தேன். உனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அந்த ஒரு படத்தைப் பற்றி மூன்று வருஷம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாய். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது டேப் இல்லை என்று சொல்லமுடியாது. 12ஆம் தேதிக்குள் உன் வரி வரட்டும்.

அக்கா

* * *

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். மருமகள் வந்து என்ன ஆச்சு மாமா, முகம் ஒருமாதிரி இருக்கே என்றாள். வெயில் என்று சொல்லிவைத்தேன்.

முப்பத்தொரு வருஷமாய் என்னைக் கொலைகாரன் மாதிரி நடத்தினாய். என் கல்யாணத்துக்கு வரவில்லை. என் பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அம்மா, "உங்களுக்குள்ள என்னடா நடந்துச்சு, சொல்லித் தொலைங்களேன்" என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். இத்தனைக்கும் ஆதாரத்தை அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறாய். அம்மா சத்தியமாய்ச் சொல்கிறேன், நீ பக்கத்தைக் கிழித்தது எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டாயா? நான் கிழிக்கச் சொன்னேனா?

நான் பெயிண்ட் அடித்தேன், சரி. காலிப் பெட்டிக்குத்தானே அடித்தேன்! அந்தப் பெட்டிக்குள் கிருமிக் குழாயை அடுக்கி மூடினது யார்? உன் முறை அன்றைக்கு. இதைப் பற்றி நீ ஒரு கடிதத்திலும் ஒரு வார்த்தை எழுதவில்லை, கவனித்தேன். அன்று மாலை அஞ்சரைக்கு நான் அனுப்பின கம்பெனிக் கார் உங்கள் பரிசோதனைக்கூட வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நீ ஓடி வந்து ஏறினாய். நகத்தை வெட்டி, கையைத் தேய்த்துக் கழுவி, "என் கை படத்துல நல்லா விழுமாப்பா?" என்று வழி நெடுகக் கேட்டதாக டிரைவர் சொல்லிச் சிரித்தான். என்னைக் காப்பாற்றக் கிழித்தாயா, உன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிழித்தாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

அந்தக் காகிதத்தைக் கொளுத்திவிடு. கோபத்தில் சொல்லவில்லை, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அதை நீ எடுத்துக்கொண்டு போனால் முதல் கேள்வியே உன்னைத்தான் கேட்பார்கள். நான் எதுவும் எழுதித் தரப்போவதில்லை. என் கையெழுத்து இல்லாமல் அது வெறும் பழைய டேப். கறுப்புக் கோடு கறுப்புக் கோடுதான். ஆவியில் கறுத்ததா, பிரஷ்ஷில் கறுத்ததா என்று யாருக்குத் தெரியும்? அடித்த எனக்கே அன்றைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

திட்டிவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் கொளுத்திவிடு.

தம்பி

* * *

ஏப்ரல் 13

தம்பிக்கு,

நெஞ்சைத் தொட்டுச் சொல் என்றாய். சொல்கிறேன்.

குழாய்களை அடுக்கினது நான்தான். மெஷின் அன்றைக்கு நிறைந்துவிட்டது. கடைசிப் பெட்டியை நாளைக் காலை வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளுவண்டியிலேயே விட்டேன். மூடியில் டேப் இருந்தது. கறுப்பாய் இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று முப்பத்தொரு வருஷமாய் எனக்கு நானே சொல்லி வந்தேன், ஆனால் பார்த்தேன். இதை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டவேண்டும் என்று நினைத்துக் கையையும் நீட்டினேன். அப்போதுதான் ஹாரன் கேட்டது. காலையில் சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். படப்பிடிப்பு முடிய நேரமாகிவிட்டதால் காலையில் அரைமணி தாமதமாய்த்தான் வந்தேன். அவள் பாடிக்கொண்டே ஏழாம் பெட்டியின் கடைசிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உடனே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ. "என்னம்மா, கை நல்லா நடிச்சுதா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு என் மேஜைக்குப் போய்விட்டேன்.

ஆக, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கிழித்தேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வந்தது. அதனால்தான் உன்னோடு பேசவும் முடியவில்லை. போதுமா?

நேற்று விசாரணைக்குப் போனேன். 11ஆம் தேதி மாலைவரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சரி என்று உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீண்ட மேஜை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று பேர். நடுவில் இப்போதைய தலைமை டாக்டர், என் மகளாய் இருக்கவேண்டிய வயது. பாட்டுக்காரியின் மகள் ஓரத்து நாற்காலியில், காக்கிச் சட்டையோடு.

பக்கத்தை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி கொடுத்தது, நீ பெயிண்ட் அடித்தது, நான் அடுக்கியது, கிழித்தது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. ஒருவர், "இது வழக்கமா ஆவியில கறுத்த டேப் இல்லைன்னு எப்படிம்மா நம்புறது?" என்றார். நீ சொன்ன அதே வார்த்தை.

அந்தப் பெண் டாக்டர் உறையிலிருந்து பக்கத்தை வெளியே இழுத்தார். முதல் டேப்பின் கோட்டை நகத்தால் சுரண்டினார். ஒன்றும் ஆகவில்லை, அது டேப்புக்குள்ளேயே ஊறின கறுப்பு. பிறகு ஏழாம் எண்ணுக்கு வந்து லேசாகச் சுரண்டினார். உன் பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி செதில் செதிலாய் வந்துவிட்டது. அடியில் கோடு அப்படியே வெள்ளையாய் இருந்தது, டேப் சுருளிலிருந்து நேற்றுக் கிழித்தது போல. ஆவியே படாத டேப். உன் கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

பாட்டுக்காரியின் பெயர் தகட்டில் ஏறும். ஏழாவது பெயர். 'கவனக்குறைவு' என்று எழுதியதை நீக்கிவிட்டார்கள். என் மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு கடிதம் வருமாம். உன் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். வந்தால் மழுப்பாமல் பதில் சொல்.

வெளியே வராந்தாவில் மகள் எனக்காகக் காத்திருந்தாள். நான் காலில் விழாத குறையாய் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இந்தப் பேப்பர் இத்தன வருஷம் எங்க இருந்துச்சும்மா?" என்று கேட்டாள்.

"எங்கிட்டதான்."

"நான் அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பவும்?"

"ஆமா. பக்கத்து ரூம்ல."

தலையைக் குனிந்து தொப்பியைக் கழற்றினாள். அழுவாள், இல்லை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள பேசுறப்ப ஒரு படம்னு சொன்னீங்களே, எந்தப் படம்?"

படத்தின் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நான் பாத்திருக்கேன். டிவில மூணு தடவ. எம் பசங்களையும் கூப்ட்டு ஒக்கார வச்சு காட்டுனேன்." தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கோடு கறுக்குற எடம் வந்ததும் நான் கை தட்டுனேம்மா. அப்பாடா, பொழச்சாங்கன்னு."

பிறகு பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

20ஆம் தேதி அந்த இடம் வரும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். போய் நின்று வாங்கிக்கொள். என் பெயரைச் சேர்க்கச் சொன்னாயே, அதை எடுத்துவிடச் சொல்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அக்கா